கலைந்த எழுத்துப் புதிர்களும் தமிழ் எழுத்திலக்கணமும்: அலகும் வரையறையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசை மாற்றி வைத்து, மூலச் சொல்லைக் கண்டறியச் செய்வது கலைந்த எழுத்துப் புதிர். பாடநூல்களிலும் இதழ்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இது பரவலாக இடம்பெறுகிறது. தமிழில் இப்புதிரை அமைக்கும்போது எதனை ஓர் எழுத்து எனக் கொள்வது என்னும் சிக்கல் எழுகிறது. உயிர்மெய்யை அலகாகக் கொள்வதா, உயிரும் மெய்யுமாகப் பகுத்த ஒலியை அலகாகக் கொள்வதா, கணினியின் குறியெண்ணை அலகாகக் கொள்வதா என்பதைப் பொறுத்துப் புதிரின் அளவும் விடையும் மாறுகின்றன. சித்திரக்கவி மரபு, எழுத்து நிலைமாற்றம், மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க விதிகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை இச்சிக்கலை ஆராய்கிறது. எழுத்தைக் கலைப்பது உயிர்மெய் நிலையிலும், விடையைத் தேடுவது ஒலி நிலையிலும் நிகழ்வதே தமிழுக்கு இயைந்தது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்

சொல் விளையாட்டு, உயிர்மெய், மாலைமாற்று, எழுத்து நிலைமாற்றம், மொழிமுதல் எழுத்து, மெய்ம்மயக்கம், ஒருங்குறி.

முன்னுரை

எழுத்துகளைக் கலைத்தும் கோத்தும் சொல் காணும் விளையாட்டுகள் ஆங்கிலத்தில் இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்கு எய்தின. ஆல்பிரட் பட்ஸ் 1930-களில் உருவாக்கிய பலகை விளையாட்டு 1948-இல் 'ஸ்கிராபிள்' என்னும் பெயர் பெற்றது. செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்துணை முறை பயில்கிறது என எண்ணிப் பார்த்தே அவர் வில்லைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வகுத்தார். கலைந்த எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டறியும் 'ஜம்பிள்' புதிர் 1954-இல் தோன்றியது. ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். ஆகவே எது எழுத்து என்னும் வினா இவ்விளையாட்டுகளை வகுத்தோர்க்கு எழவில்லை.

தமிழில் நிலை வேறு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்து 247 ஆகும். இவற்றுள் உயிர்மெய் வரிவடிவால் ஒன்று, ஒலியால் இரண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மொழியோடு விளையாடு' போன்ற பகுதிகளில் எழுத்துகளை முறைப்படுத்திச் சொல்லாக்கும் பயிற்சிகள் இடம்பெறுகின்றன. இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டிகளில் உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் கட்டத்திற்கு ஒன்றாக இடம்பெறுகின்றன. இவ்வழக்கிற்கு இலக்கண அடிப்படை உண்டா, அது கணினி வழிச் செயற்படுத்தும்போது காக்கப்படுகிறதா, விடை காண்பதற்கு இலக்கணம் எவ்வளவு துணைபுரிகிறது என்னும் மூன்று வினாக்கள் இக்கட்டுரைக்கு அடிப்படையாகின்றன.

எழுத்து என்னும் அலகு: மூன்று கணக்குகள்

தொல்காப்பியர் முதலெழுத்துகளை அகரம் முதல் னகரம் இறுவாய் முப்பது எனக் கணக்கிடுகிறார். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றும் சார்ந்து வருவன. உயிர்மெய்யைத் தனி எழுத்து வகையாக அவர் இக்கணக்கில் சேர்க்கவில்லை. நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக வகுத்து, உயிர்மெய்யை அவற்றுள் ஒன்றாக்கினார். எனவே, உயிர்மெய் ஓர் எழுத்தா அன்றி இரண்டன் சேர்க்கையா என்னும் வினா இன்றைய கணினிக் காலத்தில் புதிதாகத் தோன்றியது அன்று. இலக்கண மரபிற்குள்ளேயே அது உள்ளது.

யாப்பிலக்கணம் மூன்றாவது கணக்கொன்றைத் தருகிறது. கட்டளைக் கலித்துறையில் நேரசை முதலாகிய அடிக்கு 16, நிரையசை முதலாகிய அடிக்கு 17 என எழுத்தெண்ணும்போது ஒற்று நீக்கப்படுகிறது. அங்கு உயிர்மெய் ஒன்றாக எண்ணப்படும், மெய்யெழுத்து எண்ணப்படாது.

இம்மூன்றனுள் எதனைச் சொல் விளையாட்டு பின்பற்றுகிறது என்பதற்குச் சித்திரக்கவி மரபு விடை தருகிறது. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவிகளுள் மாலைமாற்று ஒன்று. முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமைவது அதன் இயல்பு. திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் இவ்வகையில் அமைந்தது. வழக்கில் உள்ள 'விகடகவி' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், வி, க, ட, க, வி என உயிர்மெய் நிலையில் அது மாலைமாற்றாகும். ஒலிகளாகப் பகுத்துப் பின்னிருந்து அடுக்கினால் இ, வ், அ, க், அ, ட், அ, க், இ, வ் என வரும், மூலச்சொல் மீளாது. ஆகவே மாலைமாற்று உயிர்மெய்யைப் பகாத அலகாகக் கொண்டு அமைந்தது என்பது தெளிவு.

காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொரு செய்யுளை மறைத்து வைப்பன. எழுத்து வருத்தனம் எழுத்தைக் கூட்டியும், அக்கரச்சுதகம் எழுத்தைக் குறைத்தும் வெவ்வேறு சொற்களைக் காட்டுவன. மறைந்த சொல்லை எழுத்தின் துணையால் வெளிக்கொணர்தல் என்னும் வகையில் இவை இன்றைய புதிர்களுக்கு முன்னோடிகள் எனலாம். இவ்வணிகளிலிருந்து மாத்திரைச் சுருக்கம் வேறுபடுகிறது. 'காலை' என்பது 'கலை' ஆவது போல நெடில் குறிலாகிப் பிறிதொரு பொருள் தருவது அது. அங்கு உயிர்மெய்க்குள் இருக்கும் உயிர் மட்டும் மாறுகிறது. ஆகவே உயிர்மெய்யின் உள்ளே புகுந்து விளையாடும் வழியையும் மரபு அறிந்திருந்தது. ஆயினும் அதற்குத் தனிப்பெயர் தந்து வேறுபடுத்தியது.

இயல்பான நிலைமாற்றமும் செயற்கைக் கலைப்பும்

புதிர் அமைப்போர் வேண்டுமென்றே எழுத்தை இடம் மாற்றுகின்றனர். மொழி தானாகவும் எழுத்தை இடம் மாற்றிக்கொள்வதுண்டு. இதனை எழுத்து நிலைமாற்றம் என்பர். தசை–சதை, சிவிறி–விசிறி, மிஞிறு–ஞிமிறு, வைசாகி–வைகாசி, நாளிகேரம்–நாரிகேளம் ஆகியன எடுத்துக்காட்டப்படுவன. கொப்புளம்–பொக்குளம் என்னும் இணையும், மதுரையை 'மருதை' எனக் கூறும் மக்கள் வழக்கும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன.

இவ்வேழு இணைகளையும் ஒலி நிலையில் பகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தசை என்பது த்+அ+ச்+ஐ. சதை என்பது ச்+அ+த்+ஐ. மெய்கள் இடம் மாறியுள்ளன. உயிர்கள் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன. உயிர்மெய் முழுமையாக இடம் மாறியிருப்பின் 'சைத' என்றே வந்திருக்கும். வைசாகி என்பதில் சகர, ககர மெய்கள் மாறி வைகாசி ஆகிறது. ஆகாரமும் இகரமும் மாறவில்லை. நாளிகேரம் என்பதில் ளகர, ரகர மெய்கள் மட்டும் இடம் பெயர்கின்றன. மதுரை என்பதில் தகரமும் ரகரமும் மாறுகின்றன. உகரமும் ஐகாரமும் நிலைத்து நிற்கின்றன. கொப்புளம் என்பதில் ஒற்றைக் ககரமும் இரட்டைப் பகரமும் இடம் மாறும்போது இரட்டித்தல் என்னும் பண்பு அதே இடத்தில் தங்கிவிடுகிறது. ஆதலின் 'பொக்குளம்' எனக் ககரம் இரட்டிக்கிறது.

சிவிறி, மிஞிறு ஆகிய இரண்டிலும் இடம் மாறும் எழுத்துகள் இரண்டும் இகரம் ஏறியவை. ஆகவே மெய் மாறியது எனினும் உயிர்மெய் மாறியது எனினும் வடிவம் ஒன்றே. அவை எப்பக்கமும் சான்றாகா. எஞ்சிய ஐந்து இணைகளும் மெய் நிலை மாற்றத்தையே காட்டுகின்றன. உயிர்மெய் முழுமையாகப் பெயர்ந்தமைக்கு இவ்வேழனுள் ஐயமற்ற சான்று ஒன்றும் இல்லை.

இதனால் ஒரு முரண் பெறப்படுகிறது. பேச்சில் நிகழும் நிலைமாற்றம் மெய்யை அலகாகக் கொள்ள, எழுத்து விளையாட்டு உயிர்மெய்யை அலகாகக் கொள்கிறது. முன்னது நாவின் செயல். பின்னது கண்ணின் செயல். கதவு–தகவு, தவம்–வதம் ஆகிய இணைகள் உயிர்மெய் நிலையில் எழுத்து மாறியவை. மாதம்–தாமம், பாதம்–தாபம் ஆகியவை ஒலி நிலையில் மட்டுமே எழுத்து மாறியவை. உயிர்மெய்க் கணக்கில் மா, த, ம் என்பவற்றைக் கொண்டு 'தாமம்' அமைக்க இயலாது. அலகை முன்னரே அறிவிக்காத புதிரில் இத்தகைய சொற்கள் விடையா அல்லவா என்னும் பூசல் எழுவதற்கு இடமுண்டு.

அலகு மாறின் எண்ணிக்கை மாறுதல்

'இலக்கணம்' என்னும் சொல்லை மூன்று அலகுகளிலும் கலைத்துப் பார்க்கலாம். உயிர்மெய் நிலையில் இ, ல, க், க, ண, ம் என ஆறு எழுத்துகள்; அவற்றை அடுக்கும் வகை 720. ஒலி நிலையில் இ, ல், அ, க், க், அ, ண், அ, ம் என ஒன்பது. ககர மெய் இருமுறையும் அகரம் மும்முறையும் வருதலால் வகை 30,240. ஒருங்குறி நிலையில் புள்ளியும் தனிக் குறியெண் பெறுவதால் குறிகள் எட்டு. ககரமும் புள்ளியும் இருமுறை வருதலால் வகை 10,080.

'விளையாட்டு' என்னும் சொல்லில் இவ்வேறுபாடு மேலும் பெருகுகிறது. உயிர்மெய் நிலையில் எழுத்து 5, வகை 120. ஒலி நிலையில் 9. டகர மெய் இருமுறை வருவதால் வகை 1,81,440. ஒருங்குறி நிலையில் 10. டகரக் குறி இருமுறை வருவதால் வகை 18,14,400. ஒரே சொல், அலகு மாறிய அளவில், பள்ளி மாணவர் விடை காணத்தக்க புதிராகவும் எவராலும் தீர்க்க இயலாத குவியலாகவும் ஆகிறது.

ஒருங்குறியில் 'வி' என்பது வகரத்திற்கு ஒன்றும் இகரக் குறிக்கு ஒன்றுமாக இரு குறியெண்களால் ஆனது. நிரலாளர் குறியெண்களை நேரடியாகக் கலைத்தால், மெய்யைப் பிரிந்த கொம்பும் காலும் புள்ளியும் தனித்து நிற்கும்; திரையில் புள்ளி வட்டத்துடன் அவை தோன்றும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒற்றைக் குறியெண்ணாலும் இரு குறியெண்களாலும் எழுத இயலும் என்பதால், பார்வைக்கு ஒன்றான இரு சொற்கள் கணினிக்கு வேறாகவும் தோன்றலாம். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ஏற்ற அனைத்தெழுத்துக் குறியாக்கமான டேஸ்16, உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனிக் குறியெண் தருவது. எனினும் இணையப் பயன்பாட்டில் ஒருங்குறியே நிலைபெற்றுள்ளமையால், சொல்லை முதலில் எழுத்துகளாகப் பகுத்த பின்னரே கலைத்தல் வேண்டும். ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பில் இவ்வாறு பகுப்பதற்கான செயற்கூறு உள்ளது. இப்படிநிலையைத் தவிர்ப்பது, எழுத்தறியத் தொடங்கும் குழந்தைக்குத் தமிழில் இல்லாத எழுத்துகளைக் காட்டுவதாக முடியும்.

விடை காண்பதில் எழுத்திலக்கணத்தின் பங்கு

கலைப்பதற்கு உயிர்மெய் அலகானால், தேடுவதற்கு அவ்வலகு மட்டும் போதாது. எந்த எழுத்து எதன் அருகில் நிற்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் உயிர், மெய் நிலையில் வரையறுத்துள்ளது. நன்னூலின் வழி இவ்வரையறைகளைப் புதிருக்குப் பொருத்தும் முறை வருமாறு.

முதலாவது, தனி உயிர் எழுத்து அளபெடை ஒழிந்த இடங்களில் சொல்லின் முதலில் மட்டுமே வரும். கலைந்த எழுத்துகளுள் உயிர் ஒன்று இருப்பின் அதன் இடம் உறுதியாகிறது.

இரண்டாவது, க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம்மொடு தாமே மயங்கும். ஆகவே இவ்வொற்றை அதன் உயிர்மெய்யோடு சேர்த்து ஒரே கூறாகக் கொள்ளலாம். ட், ற் ஆகியவற்றின் பின் அவ்வவ்வெழுத்தும் க, ச, ப என்பனவும் வரும். ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை.

மூன்றாவது, மெல்லின ஒற்றின் பின் வரத்தக்கவை சில. ஙகரத்தின் பின் ககரமும், ஞகர நகரங்களின் பின் தத்தம் இன வல்லினமும் பெரும்பான்மை. மகரத்தின் பின் ப, ய, வ ஆகியனவும் மகரமும் வரலாம். இவை இல்லாதவிடத்து மகர ஒற்று சொல்லிறுதியில் நிற்கும்.

நான்காவது, நன்னூற் கணக்கின்படி மொழிமுதலாகும் எழுத்துகள் 103. உயிர் 12, க, ச, த, ந, ப, ம வருக்கங்கள் 72, வகரத்தில் 8, யகரத்தில் 6, ஞகரத்தில் 4, ஙகரத்தில் 1. எஞ்சிய 144 எழுத்துகள் மொழி முதலில் வாரா.

ஐந்தாவது, மொழியிறுதியில் வரும் மெய்கள் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்னும் பதினொன்று. வல்லின மெய் ஆறும் ஙகரமும் இறுதியில் வாரா.

இவ்விதிகளை 'இலக்கணம்' என்னும் சொல்லின் எழுத்துகளில் பொருத்தினால், க் என்பது க என்பதோடு இணைந்து 'க்க' என ஒரு கூறாகிறது. 720 வகை 120 ஆகக் குறைகிறது. இகரம் முதலில் நிலைபெறுவதால் 24 ஆகிறது. மகர ஒற்றின் பின் வரத்தக்க எழுத்து எஞ்சியவற்றுள் இல்லாமையால் அது இறுதியில் நிற்கிறது; வகை 6 ஆகிறது. இலக்கணம், இலணக்கம், இக்கலணம், இக்கணலம், இணலக்கம், இணக்கலம் என்பன அவ்வாறு. இவ்வாறனுள் சொல்லறிவு உடனே ஒன்றைத் தேர்கிறது.

'விளையாட்டு' என்பதில் ட், டு இணைந்து ஒரு கூறாகின்றன, வகை 24. ளை, ட்டு ஆகியன முதலில் வாரா. வியும் யாவும் வரும். ஆகவே வகை 12. தொடக்கத்தில் இருந்த 120-இல் பத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. ஒற்று மிகுந்த சொற்களில் இலக்கணத்தின் துணை மிகுதி. ஒற்றின்றி உயிர்மெய்களால் மட்டும் அமைந்த சொற்களில் குறைவு. புதிரின் கடுமையை எழுத்தெண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதும் இதனால் விளங்குகிறது. ஆறெழுத்துச் சொல்லான இலக்கணம் ஆறு வகையிலும், ஐந்தெழுத்துச் சொல்லான விளையாட்டு பன்னிரண்டு வகையிலும் முடிவதை நோக்குக.

வரையறைகளின் எல்லை

மேற்கூறிய விதிகள் ஐயத்தைக் குறைப்பனவே அன்றி முழுதும் நீக்குவன அல்ல. க, த, வு என்னும் மூன்றெழுத்துகளில் வு முதலில் வாராது என நீக்கிய பின் கதவு, கவுத, தகவு, தவுக என நான்கு வகைகள் எஞ்சும். அவற்றுள் இரண்டு பொருளுடைய சொற்கள். இங்கு ஒன்றை மட்டும் சரி என்பது விடை எழுதிய மாணவருக்கு இழைக்கும் பிழையாகும். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் பெறும் வடிவத்தைச் சொல்லின் திறவாகக் கொண்டு அகராதிச் சொற்களைத் தொகுத்தால், ஒரே திறவுடைய சொற்கள் ஓரிடத்தில் சேரும். கதவு, தகவு இரண்டற்கும் திறவு 'கதவு' என்பதே. புதிர் அமைப்போர் இம்முறையால் மாற்று விடைகளை முன்னரே அறிந்து, குறிப்பினால் வேறுபடுத்தவோ இரண்டையும் ஏற்கவோ இயலும்.

எந்த இலக்கணத்தைப் பின்பற்றுவது என்பதும் கருதத்தக்கது. தொல்காப்பியம் சகரத்தை அ, ஐ, ஔ ஆகிய உயிர்களோடு மொழிமுதலாகக் கொள்ளவில்லை. அவ்வரையறையை வடிகட்டியாகக் கொண்டால் சதை, சட்டம், சக்கரம் போன்ற சொற்கள் விடையிலிருந்து நீங்கிவிடும். நன்னூல் அவற்றை ஏற்கிறது. 'ஞிமிறு' என்பதன் முதலெழுத்தாகிய ஞி இரு நூல்களின் வரையறையிலும் இல்லை. ஆயினும் சொல் வழக்கில் இருந்தது. டாக்டர், ரயில், லட்டு போன்ற இக்காலச் சொற்கள் நன்னூல் விதிக்கும் புறம்பானவை. ஆதலின் மொழிமுதல் விதியை விலக்கும் விதியாகக் கொள்ளாமல், முன்னுரிமை வரிசைப்படுத்தும் விதியாகக் கொள்வதே நிரலுக்கும் வகுப்பறைக்கும் ஏற்றது.

வில்லைகளைக் கோக்கும் பலகை விளையாட்டைத் தமிழில் அமைப்பதிலும் இவ்வலகுச் சிக்கல் உண்டு. 247 எழுத்துகளுக்கும் வில்லை செய்தல் அரிது. மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி வில்லை செய்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் விளையாட்டு ஒலி நிலைக்கு மாறிவிடும். அதில் மாதத்தின் வில்லைகளைக் கொண்டு தாமம் கோக்கலாம். இது குறை அன்று, வேறொரு விளையாட்டு. மரபு மாலைமாற்றையும் மாத்திரைச் சுருக்கத்தையும் வேறு பெயர்களால் வழங்கியது போல, இவ்விரு விளையாட்டுகளையும் வேறு வேறாக அறிவித்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• தமிழ் எழுத்து விளையாட்டு உயிர்மெய்யைப் பகாத அலகாகக் கொள்வதற்கு மாலைமாற்று முதலிய சித்திரக்கவிகள் மரபுச் சான்றாகின்றன.

• எடுத்துக்கொண்ட எழுத்து நிலைமாற்ற இணைகளுள் தெளிவாகப் பகுக்கத்தக்க ஐந்தும் மெய் மட்டும் இடம் மாறி உயிர் நிலைத்து நிற்பதைக் காட்டுகின்றன. இயல்பான நிலைமாற்றமும் செயற்கைக் கலைப்பும் அலகினால் வேறுபடுகின்றன.

• மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க விதிகள் விடை தேடும் பரப்பைப் பெரிதும் சுருக்குகின்றன. இலக்கணம் என்னும் சொல்லில் 720 வகை 6 ஆகிறது.

• கணினி வழிப் புதிர்களில் குறியெண்ணை நேரடியாகக் கலைத்தல் தவிர்க்கத்தக்கது. எழுத்தாகப் பகுத்தலும், ஒரே திறவுடைய மாற்று விடைகளை ஆராய்தலும் இன்றியமையாதன.

மாணவர் மனப்பாடமாகக் கற்று மறக்கும் மெய்ம்மயக்க விதிகளை, விடை தேடும் கருவியாக மாற்றித் தரும் இடமாகவும் இப்புதிர் அமைகிறது. 'க் வந்தால் அடுத்தது க' என்று ஐந்தாம் வகுப்பு மாணவர் தாமே கண்டுகொள்ளும்போது, நன்னூல் விதியொன்று அவருக்குப் பயன்பாட்டின் வழி அறிமுகமாகிறது. பேரகராதிச் சொற்கள் அனைத்தையும் திறவு முறையில் தொகுத்து, உயிர்மெய் நிலையிலும் ஒலி நிலையிலும் எழுத்து மாறிய இணைகளைத் தனித்தனியே பட்டியலிடுதல் இவ்வாய்வின் தொடர்ச்சியாக அமையத்தக்கது.